ராம்நாடு கரையில என்னத்தப் பாக்குறதுன்னு கேட்ட தம்பிக்கு

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. குடும்பத்தோட மூணு நாள் ராமேஸ்வரம் வந்து கோயில், பாம்பன், தனுஷ்கோடி, கலாம் நினைவிடம் எல்லாம் சுத்திப் பாத்து போட்டோவும் எடுத்துட்டுப் போயிட்டாராம், வீட்டுக்குப் போய் யோசிச்சா வேர்வையும் பிசுபிசுப்பும் தவிர மனசுல ஒண்ணுமே நிக்கலையாம். "ஊர் ஊரா போயி பழைய கட்டடம், புத்தகம், கடல்னு உருகி உருகி எழுதுறாங்களே, எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் தெரியல, எப்படித்தான் பாக்கணும்"னு கேக்குறாரு.

தம்பி, வருத்தப்படாதீங்க, நீங்க பாத்தது பொய் கிடையாது. வெயில், மணல், வேலிக்கருவை, பனை, உப்புக்காத்து, இதான் எங்க ஊரு. பாத்ததும் வாயைப் பொளக்க வைக்கிற மலையோ அருவியோ இங்க கிடையாது, கடல்கூட மண்டபத்துக்கு வடக்கால பாத்தா பல நாள் கம்மாத்தண்ணி மாதிரி சும்மா கிடக்கும். நான் இந்தப் பக்கமே பொறந்து ராம்நாட்டுல முப்பது வருஷம் டிராயிங் போர்டு முன்னாடி உக்காந்து வீட்டு பிளான் போட்டுப் பொழச்சவன், எனக்கே நாப்பது வயசுக்கு மேலதான் இது பிடிபட ஆரம்பிச்சுச்சு. அதுவும் ஒரு தப்பு பண்ணப்புறம். அதை முதல்ல சொல்லிடறேன்.

எங்க தாத்தா பாம்பன்ல கொத்தனாரு. அவர் கையால கட்டின வீடு பவளக்கல்லு வீடு, அதாவது கடல்ல இருந்து பவளப்பாறையை வெட்டிக் கொண்டாந்து காயப்போட்டு செதுக்கி, சிப்பியையும் பவளத்துண்டையும் காளவாய்ல போட்டுச் சுட்ட சுண்ணாம்பை அரைச்சு அதுல வச்சுக் கட்டுறது. அந்தக் காலத்துல தீவுல அதான் வழக்கம், ஏன்னா செங்கல் அறுக்க மண்ணு கிடையாது, கருங்கல்லு கிடையாது, இருந்தது கடல் மட்டும்தான். நான் படிச்சுட்டு வந்த திமிர்ல, "என்னப்பா இது ஓட்டை ஓட்டையா கல்லு, இடிச்சுட்டு ஆர்சிசி, கம்பி வச்ச காங்கிரீட்டு போட்ருவோம்"னு எங்க அப்பாவைப் பிடிச்சு இம்சை பண்ணி இடிக்க வச்சேன், பிளானும் நானே போட்டேன். பன்னெண்டு வருஷம்தான் தம்பி. மேல்தளத்துல இருந்து பொறுக்குப் பொறுக்கா காரை விழ ஆரம்பிச்சுச்சு, சுரண்டிப் பாத்தா உள்ள கம்பி பூராவும் துரு. உப்புக்காத்தும் உப்புத்தண்ணியும் காங்கிரீட்டுக்குள்ள எறங்கிருச்சுன்னா கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடிச்ச கம்பி பருமனாகும், பருமனாகி காங்கிரீட்டை உள்ள இருந்தே பொளந்துரும், இது கட்டட வேலை பாக்குற எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், ஆனா எனக்கு என் வீட்டுல நடந்தப்பதான் உறைச்சுச்சு. பவளக்கல்லு வீட்டுல கம்பியே கிடையாது, துருப்பிடிக்க என்ன இருக்கு. கல்லும் சுண்ணாம்பு, சாந்தும் சுண்ணாம்பு, ரெண்டும் கடல்ல இருந்து வந்தது, அதனால கடக்காத்து அதை ஒண்ணும் பண்ணல. தாத்தா அம்புட்டு வருஷம் அதுக்குள்ள நிம்மதியா தூங்கினாரு.

இப்ப அப்படிக் கட்டணும்னாலும் முடியாது. மன்னார் வளைகுடாவுல தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல இருக்குற 21 தீவுகளையும் சேத்து 1986-ல கடல் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க, 2001-ல பவளத்தை புலிக்கு சமமா வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில கொண்டு போய் வச்சாங்க, அதனால இனி ஒரு துண்டு எடுத்தாலும் குத்தம். நியாயம்தான், வெட்டி வெட்டித் தீவைச் சுத்தி இருந்த பவளப்பாறையையே காலி பண்ணிட்டோம்ல. ஆனா அதுக்கு அர்த்தம் என்னன்னா, இன்னைக்கு நிக்கிற ஒவ்வொரு பவளக்கல்லு சுவரும் கடைசி சுவரு, இன்னொண்ணு வராது. அது தெரிஞ்ச பிறகு பாம்பன் தெருவுல, வேதாளையில, தங்கச்சிமடத்துல பழைய வீட்டுச் சுவருல காரை உதிர்ந்து உள்ள கல்லு தெரிஞ்சா நான் நின்னு பாத்துட்டுதான் போறது. கிட்டக்க போய்ப் பாருங்க, கல்லு முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமா சின்னச் சின்னப் பூவு இருக்கும், ஒவ்வொரு பூவும் ஒரு காலத்துல உசுரோட இருந்த பூச்சி இருந்த இடம்.

அப்ப இருந்து எங்க போனாலும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்குறது: இது எதால ஆனது, இங்க கிடைக்காததுன்னா எங்க இருந்து வந்துச்சு. அழகா இருக்கா இல்லையான்னு கேக்குறதே இல்ல. இந்தக் கேள்வி வேற ஊருக்கு எம்புட்டு ஒத்துவரும்னு தெரியாது, எங்க கரைக்கு இதான் சாவி. ஏன்னா இங்க கல்லு இல்ல, நிழல் இல்ல, நல்ல தண்ணி இல்ல, மழையும் வானத்தைப் பாத்துதான். இங்க உருப்படியா இருக்கிறது எல்லாமே இந்த இல்லாமையில இருந்து யாரோ மெனக்கெட்டு செஞ்சது.

கோயிலுக்கே வருவோம். மூணாம் பிரகாரத்துல நடந்திருப்பீங்க, ஈரத்துணியோட, 22 தீர்த்தமும் ஆடிட்டு, பின்னாடி ஆளுங்க தள்ள, பிள்ளைங்க அழ, எங்க அழகு தெரியும். அந்தப் பிரகாரத்துல 1,212 தூண், சுத்தளவு எல்லாம் சேத்து 3,850 அடின்னு கணக்கு, வடக்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் தனித்தனியா 640 அடி கிட்ட நீளம். 18ஆம் நூற்றாண்டுல ராம்நாட்டை ஆண்ட சேதுபதிங்க கட்டினது, முத்துராமலிங்க சேதுபதி காலத்துல முடிஞ்சது. இந்த நம்பரை எல்லா கைடும் சொல்லுவாரு, சொல்லி முடிச்சு நூறு ரூவா வாங்கிட்டுப் போயிருவாரு. அவர் சொல்லாதது என்னன்னா, இந்தத் தீவு பூராவும் மணலும் பவளப்பாறையும்தான், இந்த சைசு தூணுக்கு இங்க கல்லு வெட்ட ஒரு இடம் கிடையாது. பாம்பன்ல பாலம் வந்ததே 1914-ல. அப்ப இத்தனை கல்லும் தோணியில ஏறி, காத்துப் பாத்து, கடல் தாண்டி வந்திருக்கு. ஒரு தூணுக்கு முன்னாடி நின்னு அதை மட்டும் யோசிங்க, இதை எத்தனை பேர் எப்படித் தோணியில ஏத்தினான், நடுக்கடல்ல தோணி சாஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும், கரையில எப்படி இறக்கினான். எனக்கு அதுல மயிர்க்கூச்செறியும்.

அப்புறம் ஒரு டிராயிங்காரன் விஷயம் சொல்றேன். படிக்கிறப்ப எங்களுக்கு வாத்தியார் ஒரு பாடம் நடத்தினாரு, இணையா போற கோடெல்லாம் தூரத்துல ஒரு புள்ளியில போய்ச் சேர்ற மாதிரி கண்ணுக்குத் தெரியும்னு. பேப்பர்ல ஸ்கேல் வச்சு நூறு தடவை போட்டிருக்கேன், புரியவே இல்ல. ஒரு நாள் ராத்திரி நடை சாத்துறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்தப் பிரகாரத்து மூலையில நின்னேன், தூணு, மேடை விளிம்பு, விதானத்துல வரைஞ்ச கோலம், தரையில பதிச்ச கல்லு, எல்லாக் கோடும் ஓடி ஓடி அங்கிட்டு ஒரு சின்ன இருட்டுப் பொட்டுக்குள்ள போயி அடங்குது. மொத்தப் பாடமும் ஒரு நிமிஷத்துல முடிஞ்சுருச்சு. நீங்களும் அப்படி மூலையில நில்லுங்க, நடுவுல நின்னா பாதிதான் கிடைக்கும். செல்போனை வெளியிலயே வாங்கி வச்சுக்குவாங்க, அதுவும் ஒரு வகையில நல்லதுதான். நிக்கிறப்ப கடக்காத்து பிரகாரத்துக்குள்ள நுழைஞ்சு வர்றதை கவனிங்க, வெளிய நெருப்பா கொதிக்கும், உள்ள கல்லுத்தரை கால்ல சில்லுன்னு இருக்கும். காசி வரைக்கும் நடந்து போயி நடந்து வந்த சனங்களுக்கு இந்த ஊர்ல கொடுக்க முடிஞ்ச பெரிய தானம் நிழல், சேதுபதி அதை முக்கால் மைலுக்கு விரிச்சு வச்சிருக்காரு.

தீர்த்தமும் அப்படித்தான். கடல் அந்தா தெரியுது, கோயிலுக்குள்ள கிணத்துல மட்டும் எப்படி உப்புக் கரிக்காத தண்ணின்னு கேட்டா சாமி மகிமைன்னு சொல்லுவாங்க, இருக்கட்டும், மணலுக்குள்ள நடக்குறதும் ஒரு மகிமைதான். மழைத்தண்ணி மணல்ல எறங்கி, கீழ இருக்குற உப்புத்தண்ணி மேல மிதக்கும், ஏன்னா நல்ல தண்ணி லேசு, உப்புத்தண்ணி கனம். மேலாப்புல தோண்டினா நல்ல தண்ணி, பேராசைப்பட்டு ஆழமா போனா உப்பு. தனுஷ்கோடியில மீன்காரவங்க குடிசைக்குப் பக்கத்துல கையாலயே மணலைப் பறிச்சு ஊத்துத் தண்ணி எடுக்குறதைப் பாத்திருப்பீங்க, அதே கணக்கு. அடுத்த தடவை வாளித்தண்ணியை தலையில ஊத்துறப்ப வாயில ரெண்டு சொட்டு வாங்கிப் பாருங்க, ஒவ்வொரு கிணத்துக்கும் ருசி மாறும்.

ராமேஸ்வரம் வர்றவங்க நூத்துக்குத் தொண்ணூறு பேரு ராம்நாட்டுல இறங்குறதே இல்ல, அது எனக்கு ஒரு ஆத்தாமை. ஊருக்குள்ள அரண்மனையில ராமலிங்க விலாசம்னு ஒரு மண்டபம் இருக்கு, கிழவன் சேதுபதி கட்டினது, சுவர் பூராவும் ஓவியம், அது 18ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல முத்துவிஜயரகுநாத சேதுபதி காலத்துல வரைஞ்சது. இப்ப தொல்லியல் துறை கையில இருக்கு. ராமாயணம், பாகவதம் வரைஞ்சிருக்கிறது எல்லா ஊர்லயும் உண்டு, இங்க விசேஷம் என்னன்னா சேதுபதி தன் காலத்தையே வரைய வச்சிருக்காரு. தஞ்சாவூர் மராட்டியரோட சண்டை, தொப்பி போட்ட வெள்ளைக்காரங்க வந்து பாக்குறது, மதுரை நாயக்கர் இவருக்கு ரத்தினத்தால அபிஷேகம் பண்றது, ராணியோட சல்லாபம் வரைக்கும் இருக்கு. இங்க அவசரப்படாதீங்க. பெரிய ஆளுங்களை விட்டுட்டு ஓரத்துல நிக்கிறவங்களைப் பாருங்க, குதிரை பிடிக்கிறவன், விசிறி வீசுறவ, துப்பாக்கியைத் தோள்ல வச்சுட்டு நிக்கிற சிப்பாயி, ஓவியன் மனசு ராஜா முகத்துல இருந்ததை விட இவங்க துணி மடிப்புலதான் அதிகம் இருந்திருக்கு. நான் ஒரு தடவை ஒரே ஒரு சுவரை மட்டும் ஒரு மணி நேரம் பாத்தேன், வாசல்ல இருந்தவரு ரெண்டு தடவை வந்து "சார் உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

இப்ப புத்தக விஷயம். நீங்க பழைய புத்தகம்னதும் பயந்துருக்கீங்கன்னு தெரியுது. முழுசா படிக்கணும்னு யாரு சொன்னா? ஒரு இடத்துக்குப் போனா அந்த இடத்துக்குன்னு ஒரு பக்கம், அம்புட்டுதான். ரெண்டு உதாரணம் சொல்றேன்.

கீழக்கரை, ராம்நாட்டுல இருந்து 17 கிலோமீட்டர் இருக்கும். அங்க என் சிநேகிதன் ஒருத்தன், நாங்க மாமா மாப்ளைன்னுதான் கூப்பிட்டுக்குவோம், இந்தப் பக்கம் எல்லா ஊர்லயும் அப்படித்தான். அவன்தான் பெரிய ஜும்மா பள்ளிவாசலுக்கு முதல்ல கூட்டிட்டுப் போனான். நான் வெளிய நின்னப்ப மினார், குவிமாடம்னு ஏதோ எதிர்பாத்தேன், உள்ள போனா கல்தூணு, கல்லு உத்தரம், அதைத் தாங்க தூணு தலையில போதிகை, தட்டையா கல்லுக்கூரை, அப்படியே நம்ம கோயில் மண்டபம். ஒரே வித்தியாசம், தூணுல ஒரு உருவம் கிடையாது. யாளி இருக்க வேண்டிய இடத்துல பூ, கொடி, அடுக்கடுக்கா கோலம். கோயில்ல உளி பிடிச்ச அதே வழிவந்த கை, உருவம் வேண்டாம்னு சொன்னதும் அம்புட்டு வித்தையையும் பூவுல இறக்கியிருக்கு. ஒரு தூணுல இருக்குற பூவு அடுத்த தூணுல வராது போலன்னு எனக்கு ஒரு சந்தேகம் வந்து எண்ண ஆரம்பிச்சேன், பாங்கு சொல்லிட்டாங்க, எந்திரிச்சு வந்துட்டேன். (தொழுகை நேரத்துல போகாதீங்க, வாசல்ல பெரியவங்ககிட்ட கேட்டுட்டு உள்ள போங்க, முறையா கேட்டா சந்தோஷமா காட்டுவாங்க.)

பள்ளியை ஒட்டியே சீதக்காதி அடக்கம். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி"ன்னு ஊரெல்லாம் சொல்ற அதே வள்ளல், ஷேக் அப்துல் காதிர்னு பேரு, கிழவன் சேதுபதி காலத்து ஆளு, கப்பல் வியாபாரி. அவர் ஆதரிச்ச புலவர்தான் உமறுப்புலவர், நபிகள் வரலாறை சீறாப்புராணம்னு 5,000 பாட்டுக்கு மேல எழுதினவரு. முடியறதுக்குள்ள வள்ளல் மௌத்தாயிட்டாரு, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் கைகொடுத்து நூல் வெளிய வந்துச்சு. அதுல ஆரம்பத்துல நாட்டுப்படலம்னு ஒரு பகுதி வருது, அரபு நாட்டு வளத்தைப் பாடுறது. அதை சிநேகிதன் வீட்டுத் திண்ணையில உக்காந்து படிச்சேன், மத்தியான வெயிலு, மழை பேஞ்சு எட்டு மாசம் ஆகியிருந்துச்சு. படிச்சா, அரேபியாவுல மேகம் கடல்ல தண்ணி மொண்டுட்டு வந்து மலையில கொட்டுது, வெள்ளம் பெருக்கெடுத்து வருது, வயல்ல நாத்து நடுறாங்க, நெல்லு விளையுது! பாலைவனத்துல ஏதுடா நெல்லுன்னு நான் சிரிச்சேன், காவியம்னா நாட்டுவளம் பாடணும்ங்கிறது மரபு, அதனால பாடியிருக்காருன்னு சொன்னேன். சிநேகிதன் கொஞ்ச நேரம் தெருவைப் பாத்துட்டு, "மாமா, இங்கயும் எங்கடா வெள்ளம் வந்துச்சு, அவரு அரேபியாவுக்கு மட்டுமா மழை கேட்டாரு"ன்னான். அதுக்கப்புறம் நான் சிரிக்கல. சொல்லப்போனா அந்த ஒரு வார்த்தையிலதான் எனக்கு சீறாப்புராணம் திறந்துச்சு.

கீழக்கரையில இன்னொண்ணும் இருக்கு, தமிழை அரபு எழுத்துல எழுதின அரபுத்தமிழ். 19ஆம் நூற்றாண்டுல மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இங்க இருந்து அப்படி நிறைய எழுதினாரு. பழைய வீடுகள்ல வயசானவங்ககிட்ட அந்த மாதிரி ஏடு, புத்தகம் இருக்கும், படிக்க உங்களாலயும் முடியாது என்னாலயும் முடியாது, ஆனா ஒரு பாட்டியம்மா அதைத் திறந்து வலப்பக்கமிருந்து விரலை ஓட்டி வாய்விட்டுப் படிக்கக் கேட்டேன், கண்ணுக்கு அரபு, காதுக்கு நம்ம வீட்டுத் தமிழு. கிளம்பறப்ப தொதல்ங்கிற இனிப்பு வாங்க மறந்துடாதீங்க, இலவசமா சொல்ற அறிவுரையிலயே இதான் உருப்படியானது.

ரெண்டாவது பக்கம் தனுஷ்கோடிக்கு. நீங்க அரிச்சல்முனை வரைக்கும் வண்டியில போயிட்டு, தேவாலயத்துக்கிட்ட பத்து நிமிஷம் நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. 2017-ல ரோடு போட்டதுல இருந்து எல்லாரும் அப்படித்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல ஊரே போச்சு, பாம்பன்ல இருந்து வந்த ரயிலு ஆளுங்களோட போச்சு, இது உங்களுக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி இது பெரிய துறைமுகம், மெட்ராஸ்ல ரயிலேறினா இங்க வந்து கப்பல் மாறி தலைமன்னார் போயிரலாம். இடிஞ்ச தேவாலயத்துச் சுவரைத் தொட்டுப் பாருங்க, பவளக்கல்லு, எங்க தாத்தா வீட்டுக்கல்லு. கூரை போயிருச்சு, மரம் போயிருச்சு, அறுபது வருஷமா உப்புக்காத்துல நின்னுட்டு இருக்கு. என் ஆர்சிசி வீடு பன்னெண்டு வருஷம். அங்க போறப்பல்லாம் அந்தச் சுவரு என்னைப் பாத்து ஏதோ சொல்ற மாதிரியே இருக்கும், வேகமா தாண்டிப் போயிருவேன்.

தாண்டிப் போயி ரெண்டு கடலும் தெரியிற இடத்துல உக்காருங்க. வடக்கால அலையில்லாம கிடக்குறதை இங்க பெண் கடல்ம்பாங்க, தெக்கால முட்டி மோதுறது ஆண் கடல். ஆனா அது நீங்க வந்த மாசத்தைப் பொறுத்தது, கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிறப்ப தெக்குக் கடல் ஆடும், வாடைக்காத்து வந்துருச்சுன்னா பெண் கடலும் சாமியாடும், ஐப்பசி கார்த்திகையில வந்து பாருங்க. அங்க உக்காந்து படிக்கிறதுக்கு அகநானூறு 70. மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார்னு ஒரு புலவர், சங்க காலத்து ஆளு. நெய்தல் பாட்டு. ஆரம்பத்துல பரதவங்களுக்கு நல்ல மீன்பாடு கிடைச்சிருக்கு, புலால் நாத்தம் அடிக்கிற சின்ன ஊரு, அயிலை மீனை பங்கு வச்சுக் குடுக்குறாங்க. பாம்பன் கரையில காலையில ஆறு மணிக்குப் போனா இன்னைக்கும் இதான் நடக்குது, கூடையும் சத்தமும் உட்பட. விஷயம் என்னன்னா, ஒரு பொண்ணு ஒருத்தனை விரும்புறது ஊர்ல தெரிஞ்சு ஒரே வம்பு, இப்ப கல்யாணம் கூடி வந்துருச்சு, பேசின வாயெல்லாம் மூடிருச்சு. அதுக்குத் தோழி ஒரு உவமை சொல்றா:

"வெல்போர் இராமன் அருமறைக்கு அவித்த
பல்வீழ் ஆலம் போல,
ஒலிஅவிந் தன்று இவ்அழுங்கல் ஊரே"

பாண்டியரோட தொன்முது கோடியில, கடல் முழங்குற துறையில, ராமன் ரகசியமா ஆலோசனை பண்றதுக்காக, விழுது விட்ட ஆலமரத்துல கத்திக்கிட்டு இருந்த பறவைச் சத்தத்தை அடக்கினான்ல, அந்த மரம் மாதிரி ஊரு அடங்கிருச்சுன்னு. கோடின்னா இந்தத் தனுஷ்கோடிதான்னு பொதுவா எடுத்துக்கறாங்க. நான் என்ன நினைச்சேன்னா, ராமன் அணை கட்டினது, படை திரட்டினது, அதெல்லாம் பாடாம ஒரு மரத்துல குருவிச் சத்தம் நின்ன ஒரு நொடியை அந்தப் புலவர் எடுத்திருக்காரு பாருங்க. அதையும் ஒரு மீனவக் கிராமத்து வம்புக்கு உவமையா. இப்ப அங்க ஆலமரம் என்ன, நிழலுக்கு ஒரு முருங்கை கிடையாது. ஆனா அந்த மூணு வரியைப் படிச்சுட்டு பேசாம அஞ்சு நிமிஷம் இருந்தா, காத்தும் அலையும் மட்டும் கேட்கும், அப்புறம் ஏதாவது ஆலாப் பறவை கத்தும், அது நிக்கும். வண்டிச் சத்தம் வராத நேரமா பாத்துப் போங்க, காலையில முதல் ஆளா போனாத்தான் கிடைக்கும், சாயங்காலத்துக்கு மேல உள்ள விடவும் மாட்டாங்க.

பாம்பன் பாலத்தைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நான் ரெண்டே விஷயம் சொல்லிட்டு விட்டுடறேன். 1964 புயல்ல பழைய பாலத்தோட கண் நிறைய அடிச்சுட்டுப் போயிருச்சு, ஆறு மாசம் ஆகும்னு கணக்குப் போட்டதை ஸ்ரீதரன், பின்னாடி மெட்ரோ ஆளுன்னு பேர் வாங்கினாரே அவரேதான், 46 நாள்ல சரி பண்ணினாரு, அப்ப அவருக்கு முப்பத்திச் சொச்சம் வயசு. ரெண்டாவது, 2025 ஏப்ரல்ல திறந்த புதுப்பாலத்துல நடுத்துண்டு 72.5 மீட்டர் நீளத்துக்கு லிஃப்ட் மாதிரி நேரா மேல போவுது, அதைப் பாக்கத்தான் கூட்டம். ஆனா எனக்குப் பிடிச்சது கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு, அதுல துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்காங்க. அந்தச் செய்தியைப் படிச்சதும் பேப்பரை மடிச்சு வச்சுட்டு எங்க அப்பாவைத்தான் நினைச்சேன்.

திருப்புல்லாணி, தேவிபட்டினம், ஓரியூர் எல்லாம் தனித்தனியா எழுத வேண்டியது. திருப்புல்லாணியில பாயசம் சாப்பிடாம வந்துட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உத்தரகோசமங்கையைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை. அங்க மரகத நடராஜர் இருக்காரு, ஆளுயரம், வருஷம் பூராவும் சந்தனம் பூசி மூடியே வச்சிருப்பாங்க, மார்கழித் திருவாதிரைக்குத்தான் களைவாங்க. அன்னைக்குக் கூட்டம் தாங்காது. நான் போறது மத்த நாள்ல. வெளிய பனையும் பொட்டலும், உள்ள கூப்பிட்டா எதிரொலிக்கிற மாதிரி காலிப் பிரகாரம், கம்பிக்கு அங்கிட்டு சந்தனப்பூச்சுல ஒரு உருவம். பச்சை ஒரு துளி தெரியாது. ஆனா உள்ள இருக்குன்னு தெரியும், அது போதும். மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பம் ஐம்பது பாட்டும் இந்த ஊருக்குத்தான், விட்டுடாதே விட்டுடாதேன்னு கெஞ்சிக் கெஞ்சிப் பாடுவாரு, "உத்தரகோச மங்கைக்கு அரசே"ன்னு திரும்பத் திரும்ப வரும். அதுல ஒரு பாட்டை போட்டோகாப்பி எடுத்துட்டுப் போங்க, சன்னதி முன்னாடி சத்தமில்லாம படிங்க, சாமி நம்பிக்கை இல்லாட்டியும் பரவாயில்ல, என் சிநேகிதன் கீழக்கரைக்காரனே வெளித் திண்ணையில உக்காந்து கேட்டிருக்கான்.

அடுத்த தடவை வர்றதா இருந்தா மூணு நாள்ல மூணே இடம் வச்சுக்கங்க, ராமேஸ்வரத்துல ரூம் போடாம ராம்நாட்டுல போடுங்க. தை மாசம் வாங்க, வெயில் தாங்கும். காலையில நாலு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம், நடுவுல தூங்குங்க, இந்த ஊர்க்காரங்க அப்படித்தான் பொழைக்கிறோம். கடையில பவளம், சங்கு, கடல்விசிறின்னு நீட்டினா வாங்காதீங்க, பவளமும் விசிறியும் சட்டப்படி குத்தம், சங்குலயும் சில வகை அப்படித்தான். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தீங்கன்னா ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் குடுத்து பிரகாரத்து மூலையில ஒரே ஒரு தூணை வரையச் சொல்லுங்க, நல்லா வரையணும்னு இல்ல. அவங்க வரையிற நேரத்துல நீங்க சும்மா உக்காந்திருக்க வேண்டி வரும்ல, அப்பப் பாருங்க. பவளக்கல்லு தொட்டுப் பாக்கணும்னா பாம்பன்ல எங்க வீட்டுக் கொல்லையில தாத்தா வச்ச கல்லுல ஒண்ணு மிச்சம் கிடக்கு, அதுல இப்ப எங்க வீட்டம்மா துணி துவைக்கிறாங்க.